ஒரு சாண் காற்று

குஞ்சுகளுக்குச் சூடேற்றும் கரிச்சட்டியின் அருகே குந்தியிருந்த மாசாணம், ஐந்து நாள் வயதுக் குஞ்சொன்றைக் கையிலெடுத்து, எதற்காக எடுத்தோம் என்பதை மறந்தவனாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கஞ்சித் தூக்கோடு வந்த அவன் மனைவி அன்புக்கரசிக்கு எரிச்சல் மூண்டது.

"ஏனுங்க, அதுக்குப் பேரு வெக்கறீங்களா? எந்திரிச்சு வாங்க. நம்ம மனசத் தொவைக்கறதுக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஆளு வந்திருக்குது."

சூலூருக்குத் தெற்கேயிருந்த அந்தக் கோழிப்பண்ணையில், இம்முறை குஞ்சுகள் வந்திறங்கிய இரண்டே நாளில் எண்பது விறைத்துச் செத்தன. மேற்பார்வையாளன் கிருபாசங்கர் ஓடி வந்தான். பக்கவாட்டுப் படுதாவுக்கு மேலே காற்றுக்கென விட்டிருந்த ஒரு சாண் இடைவெளியையும் சாக்கு திணித்து அடைக்கச் சொன்னான். ஊரெல்லாம் இறைவனைப் பாடி எழும் மார்கழியில், அவன் எழுந்ததும் ஓதுவது இறப்பு விழுக்காடு ஒன்றையே.

அடைத்தபின் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. பரவிப் படுத்து அரவமின்றிக் கிடந்தன. குவிந்தால் குளிர், ஒதுங்கினால் வெக்கை, பரவினால் நலம்: பண்ணையாட்களின் வேதம் அவ்வளவே. அதைப் பிழையறக் கற்றவள் என்னும் செருக்கு அன்புக்கரசிக்கு உண்டு. "பாத்தீங்களா, எத்தன அமைதியாக் கெடக்குதுங்க" என்று கிருபாசங்கரிடம் பெருமை பேசியவளும் அவள்தான். பகலெல்லாம் உள்ளேயே அமர்ந்து கரி போடும் மாசாணம் மட்டும் மூன்று நாளில் வேறு ஆளாகிவிட்டான். சோறு இறங்கவில்லை, சொன்னது நினைவில் நிற்கவில்லை, காரணமின்றிக் கண் கலங்கினான். குஞ்சுக்காக உருகும் ஆண்பிள்ளையை அவள் உள்ளூர இகழ்ந்தாள்.

வேப்பமரத்தில் கட்டிய துணியில் 'மகிழும் மனம், பெருகும் எடை' என்று அச்சடித்திருந்தது. எவருடைய எடை என்பதைத் துணி சொல்லவில்லை. கம்பளிக் குல்லாய், கம்பளிச் சட்டை, கண்ணாடி ஏற்றிய கார் என மூன்று அரண்களால் குளிரை வென்ற கிருபாசங்கர், குளிருக்கு அஞ்சலாகாது என்று கால்மணி நேரம் அருளுரை வழங்கினான். பிறகு கோயமுத்தூரிலிருந்து வந்த மனநல ஆலோசகர், ஹாரிகா என்னும் இளம்பெண், தாளும் பேனாவுமாய் மாசாணத்தின் எதிரே அமர்ந்தாள்.

"தலவலி இருக்குங்களாண்ணா?"

"இருந்துச்சுங்க. செட்டுக்குள்ள உக்காந்தா வருதுங்க. வெளிய வந்தா கொறைஞ்சு போயிருதுங்க."

"வேலைய நெனச்சாலே வருது. அப்ப மனசுதான் காரணம்" என்று ஹாரிகா கனிவோடு எழுதிக்கொண்டாள்.

"எனக்குங்கூட ஆபீசுக்குப் போனா வருதுங்க, மாசாணம்! லீவு விட்டாப் போயிருதுங்க!" என்றான் கிருபாசங்கர். எல்லோரும் சிரித்தனர். அன்புக்கரசியும் சிரித்தாள். மாசாணமும் சிரிக்க முயன்று, கரி போட நேரமாயிற்றென்று எழுந்து தள்ளாடி உள்ளே போனான்.

பிஸ்கட்டுப் பொட்டலம் அவள் கைக்கு வந்தபோதுதான் சிரிப்பு அடங்கியது. கஞ்சி கொண்டுபோன ஒவ்வொரு முறையும் அவளுக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது. தண்ணீர்த் தொட்டிவரை நடந்ததும் தெளிந்தது. அவளுக்கு என்ன மனக்கவலை? கால் படும் அளவுக்கு அருகே போனாலும் குஞ்சுகள் ஏன் ஓடவில்லை?

"போட்டோ எடுத்துப் போடலாமுங்க, அம்மணி. அவரையுங் கூப்புடுங்க" என்றான் கிருபாசங்கர்.

அவள் ஓடினாள். காற்றுப் போக வர வழியற்ற கொட்டகைக்குள் கரிச்சட்டிகள் சிவந்து கனிந்திருந்தன. தீவன மூட்டையில் சாய்ந்திருந்த மாசாணத்தின் கண்கள் பாதி திறந்திருந்தன. தோளை உலுக்கியும் அசையவில்லை. சுற்றிலும் குஞ்சுகள், அவள் கற்ற வேதத்தின்படியே, பரவிக் கிடந்தன.

அக்குளில் கைகொடுத்து அவனை வெளியே இழுத்துப் போட்டாள். திரும்பி ஓடிப் படுதாவின் கயிற்றை அறுத்தாள். சாக்குகள் பொலபொலவென உதிர்ந்தன.

"ஏனுங்கம்மணி, கிறுக்குப் புடிச்சிருச்சா? குஞ்செல்லாம் வெறைச்சுப் போயிருமுங்க!"

"வெறைக்கட்டுமுங்க. அந்தக் குல்லாயக் கழட்டி அதுகளுக்கு மாட்டியுடுங்க!"

ஹாரிகா தாளைக் கீழே போட்டுவிட்டு ஆம்புலன்சை அழைத்தாள். அன்புக்கரசி கணவன் தலையை மடியில் ஏந்தி, "ஏனுங்க, இங்க பாருங்க. ஏனுங்க" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். சரிந்த படுதாவின் வழியே வாடைக்காற்று கொட்டகைக்குள் புகுந்தது. முதலில் ஒரு குஞ்சு கீச்சிட்டது, பின் மற்றொன்று, பின் நூறு. அத்தனை கூச்சலுக்கும் கீழே, அவன் உதட்டருகே காதை வைத்து அவள் குனிந்திருந்தாள்.