தாடி வைத்த பிள்ளை

கடலில் மூழ்கிவிட்டான் என்று ஊரே நம்பியதால், உடல் இல்லாமலே தெரோனுக்குக் கல்லறை எழுப்பினார்கள். அவன் மனைவி லிசில்லா அதன்மேல் எண்ணெயும் மதுவும் ஊற்றினாள். ஓராண்டு கழித்து அவன் உயிரோடு வந்து வாசலில் நின்றான். ஈமச்சடங்கு முடிந்தவன், அந்த ஊர் வழக்கப்படி, குழந்தையாக மறுபடி பிறக்கும் சடங்கைச் செய்தால்தான் வீட்டு அடுப்பை நெருங்கலாம். கோயிலுக்குள் நுழையவும் அப்படித்தான்.

அதனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் அவனை வாசலிலேயே குளிப்பாட்டி, பச்சைக் குழந்தையைப்போல் கைகளோடு சேர்த்துத் துணியில் இறுகச் சுற்றி, லிசில்லாவின் மடியில் கிடத்தினார்கள்.

"பிள்ளையோட தாடியப் பாருங்கடி!" என்றாள் மருத்துவச்சி மெலிட்டா. "மார்ல வைடி. உன் புருஷன்கிட்ட உனக்கென்ன வெக்கம்?"

வைத்தாள். அவன் உதடு சில்லென்றிருந்தது. அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"இப்ப அழுடா தெரோன். அழாத பிள்ளைய நான் உள்ள விடமாட்டேன்."

மெலிட்டா அவன் தொடையைக் கிள்ளினாள். அவன் வானத்தைப் பார்த்தபடி கிடந்தான்.

"வரமாட்டேங்குதுக்கா. கூட வந்தவங்க முங்கினப்பவே வரல."

பெண்களின் சிரிப்பு நின்றது. லிசில்லாவிடமும் கண்ணீர் இல்லை. எல்லாவற்றையும் அந்தக் கல்லறையில் அழுது தீர்த்திருந்தாள். வாயைத் திறந்து, பிரசவ வலியில் கத்துவதுபோல் ஒருமுறை கத்தினாள்.

மெலிட்டா அவளையே பார்த்தாள்.

"சரி, பெத்தவ கத்திட்டா. போதும். உள்ள தூக்குங்க."

அடுப்பருகே அவனை உட்காரவைத்தார்கள். கைகள் இன்னும் துணிக்குள்ளேயே இருந்தன. லிசில்லா பார்லிக் கஞ்சியை ஊதி அவனுக்கு ஊட்டினாள்.

"சுடுதா?"

"தெரியல," என்றான்.

அவள் இன்னொரு முறை ஊதினாள்.