வெளிறிய சட்டம்

பிரசவ ஆஸ்பத்திரி முற்றத்தில் ஆண்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள். உள்ளே விடமாட்டார்கள். மூன்றாவது மாடி ஜன்னலில் மனைவிமார் குழந்தையைத் தூக்கிக் காட்டும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வுகாஷினின் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து தொங்கியது. காலையில் மகள் பிறந்த செய்தி வந்ததுமே பஸ் டிப்போ நண்பர்கள் வழக்கப்படி அப்பன் ஆனவனைப் பிடித்துச் சட்டையைக் கிழித்துவிட்டார்கள். நோவி சாத் நகரத்தில் அந்தக் கிழிசலோடு போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கை குலுக்குவார்கள்.

துன்யா ஜன்னலுக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளைத் துணிச் சுருள், அதன் நுனியில் உள்ளங்கையளவு முகம். வுகாஷின் வாயைப் பிளந்து நின்றான். தினமும் நூற்றுக்கணக்கான பேரை ஏற்றி இறக்குகிறவன் அவன். ஒரு மனிதப் பிறவி இவ்வளவு சின்னதாகத் தொடங்கும் என்று அவனுக்கு உறைத்ததே இல்லை.

“வாயை மூடு, ஈ போயிடப் போகுது!” என்று மேலிருந்து கத்தினாள் துன்யா. “தொட்டில் என்னாச்சு?”

“இன்னைக்குக் காலைலதானே பொறந்தா! அதுக்குள்ளயா?”

பிறக்கும் முன்னே குழந்தைக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்கக் கூடாது என்பதில் துன்யாவின் அம்மா கறார். அதனால் வீட்டில் ஒன்றுமே இல்லை. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை தாயும் சேயும் வந்துவிடுவார்கள்.

“நர்ஸ் சொன்னத கேட்டுக்கோ! தொட்டில் சட்டங்களுக்கு நடுவுல சோடா டின் நுழையக் கூடாது. மெத்தை கெட்டியா, இடுக்கு இல்லாம இருக்கணும். தலைகாணி, திண்டு, பொம்மை எதுவும் வேணாம்!”

“குடுத்து வச்சவன்யா நீ,” என்றான் பக்கத்தில் நின்ற இன்னொரு கிழிந்த சட்டைக்காரன். “என் பொண்டாட்டி திட்டுறதுக்கு மட்டும்தான் ஜன்னலுக்கு வர்றா.”

வீட்டுக்கு வந்தால் கூடத்தின் நடுவே தொட்டில் நின்றது. அதன் பக்கத்தில், கையில் பீர் டின்னோடு, துன்யாவின் அண்ணன் நெவென்.

“எப்படி மாப்ள? வால்நட் மரம்! நானு, துன்யா, சித்தப்பா பசங்கன்னு அஞ்சு பேர் வளந்த தொட்டில். அம்மா திண்டு தச்சுக் குடுத்தாங்க. கண்ணு படாம இருக்க சிவப்பு ரிப்பன் வேற!”

ரிப்பன் நீளமாக உள்ளே தொங்கியது. மறுத்தால் மாமியார் வீடே முறுக்கிக்கொள்ளும் என்று வுகாஷினுக்குத் தெரியும். மச்சான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, காலி டின்னை வாங்கிச் சட்டங்களுக்கு நடுவே தள்ளினான். அது சர்ரென்று நுழைந்து உள்ளே உருண்டது.

“படுக்கப்போறது கொழந்தையா, பீர் டின்னா?” என்று சிரித்தான் நெவென்.

“மச்சான், இந்த ஒரு சட்டம் மட்டும் ஏன் வெளிறிக் கெடக்கு?”

அது ஊரறிந்த கதை, வுகாஷினுக்கும் தெரியும். குடும்ப விருந்து ஒன்று விடாமல் நெவென் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பான். “ஒரு வயசுகூட ஆகல, தலைய விட்டுட்டேன்ல! மாட்டிக்கிச்சு. மூஞ்சி நீலமாயிடுச்சாம். அப்பா ரம்பத்த எடுத்தாந்து பழைய சட்டத்த அறுத்து, அப்புறம் புதுசு போட்டு…”

“ரம்பம் எங்க இருந்துச்சு?”

“கீழ, நெலவறைல.”

“உங்கம்மா வீட்டுலேர்ந்து நாலு மாடி எறங்கி ஏறணுமே. அதுவரைக்கும்?”

நெவெனின் சிரிப்பு நின்றுபோனது. இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை, அவனும் யோசித்ததில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

“பாத்துட்டு வந்தேன் மச்சான்,” என்றான் வுகாஷின், உள்ளங்கையை விரித்துக் காட்டி. “இவ்வளவுதான் இருக்கா. எனக்குப் பயமா இருக்கு.”

நெவென் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு குனிந்து, தரையில் கிடந்த ஸ்குரூடிரைவரை எடுத்துத் தொட்டிலைக் கழற்றத் தொடங்கினான். “கடை மூடுறதுக்குள்ள கெளம்பு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழந்தை வந்தாள். புதுத் தொட்டிலில் கெட்டி மெத்தையும் இறுக்கமான விரிப்பும் தவிர வேறொன்றும் இல்லை. சிவப்பு ரிப்பனை நெவென் அறைக்கதவின் கைப்பிடியில் கட்டியிருந்தான். துன்யா மகளை மல்லாக்கப் படுக்க வைத்தாள். அத்தனை வெறுமைக்கு நடுவே அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது. யாரும் சொல்லித்தராமல், யாரும் பிடித்துக்கொள்ளாமல், தானாகவே மூச்சு விட்டாள். ஒரு ஷூவைக் கழற்றிய வுகாஷின் மற்றதை மறந்து, உடம்பெல்லாம் சிலிர்க்க நின்றான்.

நெவென் மெதுவாக மண்டியிட்டான். நாற்பது வயதுக்காரன், தன் பெரிய தலையைத் தொட்டிலின் சட்டங்களில் சாய்த்தான். பிறகு இரண்டு விரலைச் சேர்த்து வைத்துச் சட்டங்களின் இடைவெளியை அளந்தான், இன்னொரு இடத்திலும் அளந்தான், கடைசிச் சட்டம்வரை அளந்துகொண்டே போனான்.

“நுழையாது மாப்ள,” என்றான். “எந்தத் தலையும் நுழையாது.”