வெறுங்கையும் முதல் போணியும்

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருந்த வேதாசலம், உலகத்தில் ஒரே ஒரு பெண்பிள்ளைக்குத்தான் பயந்தார். பெண்டாட்டிக்கு அல்ல, அவளிடம் பயப்படுகிற மாதிரி நடித்தே காரியத்தைச் சாதித்துக்கொள்வார். பள்ளிக்கரணையில் எருமை கட்டிப் பால் ஊற்றும் கங்கம்மாவிடம்தான் அந்தப் பயம்.

கங்கம்மா ஒரு டம்ளர் வாங்கினாலும் கடை திறக்கும் நேரத்துக்குத்தான் வருவாள். முதல் போணி. காலையில் வருகிற முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால், பொழுது சாயும்வரை ஈ ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று மார்க்கெட்டே நம்பியது. வேதாசலம் கொஞ்சம் கூடுதலாக நம்பினார். கங்கம்மா தன் விலையைச் சொல்லிவிட்டு, "ஒத்துவரலன்னா வுடு" என்று ஒரு காலைப் படியில் வைப்பாள். மறு கால் இறங்குவதற்குள் வேதாசலத்தின் லாபம் மொத்தமும் இறங்கிவிடும்.

இப்போது அவள் மகள் பேபிக்குக் கல்யாணம். வருகிற முகூர்த்த நாளில் அண்டா முதல் கரண்டி வரை சீர்ப் பாத்திரம் எடுக்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அத்தனையும் அவள் விலைக்கே போனால், அந்த வருஷம் கடை நடத்தியது தர்மத்துக்குத்தான்.

கடையின் மொட்டைமாடியில் சவுரிமுத்து கராத்தே சொல்லிக்கொடுத்தான். ரயில்வேயில் வேலை, விடிகாலையிலும் சாயங்காலத்திலும் மாஸ்டர். எண்பதுகளின் நடுவில் தாம்பரத்தில் தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் வகுப்பும் ஒரு கராத்தே வகுப்பும் முளைத்திருந்தன. வேதாசலம் ஒரு சாயங்காலம் மாடியேறினார்.

"மாஸ்டர், கங்கம்மாவ சமாளிக்க எதுனா ஒரு அடி சொல்லிக்குடேன்."

"ஐயோ, லேடீஸ் மேலயாண்ணா?"

"அட, பேரத்துலபா!"

சவுரிமுத்து சிரித்தான். அடியைச் சொல்லவில்லை, கராத்தே என்ற பேருக்கு அர்த்தம் சொன்னான். "கரான்னா காலி. தேன்னா கை. கத்தி, கம்பு இல்லாத கைன்னு எல்லாரும் நினைச்சுக்கினு கீறாங்க. அது பாதிதான். அந்தக் கராவுக்குப் போடற ஜப்பான் எழுத்துக்கு ஆகாசம்னும் அர்த்தம் கீது. மனசும் அப்பிடி இருக்கணும். ஜெயிக்கணும்ன்ற ஆசை, தோத்துடுவோம்ன்ற பயம், ரெண்டையும் எறக்கி வெச்சுட்டு எதிர்ல நிக்கணும்."

"ஆகாசத்துக்கு நான் எங்க போறது? மாடியத்தான் உனக்கு வுட்டுட்டேனே."

"வெளையாடாதண்ணா. உன் கை எதையாவது புடிச்சுக்கினு இருந்தா, அதைப் புடிச்சே உன்னை இழுத்துடுவாங்க."

"என் கை இன்னா புடிச்சுக்கினு கீது?"

"போணி."

வேதாசலத்துக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பரம்பரையாகப் பிடித்துக்கொண்டிருந்ததை ஜப்பான்காரன் சொன்னான் என்று சட்டென விட முடியுமா?

முகூர்த்த நாளன்று ஷட்டர் முழுக்க ஏறுவதற்குள் கங்கம்மா வந்துவிட்டாள். நெற்றியில் பெரிய குங்குமம், பின்னால் பேபி. அண்டாவைத் தட்டிப் பார்த்தாள். குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். குத்துவிளக்கை ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்தது. தன் விலையைச் சொன்னாள். வேதாசலம் தன் விலையைச் சொன்னார். கங்கம்மாவின் கால் படியில் இறங்கியது.

வேதாசலத்தின் கை தன்னால் நீண்டது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரிக்கா. போய்ட்டு வா."

கங்கம்மா அப்படியே நின்றாள். "இன்னா சொன்ன?"

"போய்ட்டு வான்னேன்."

"இன்னும் போணி ஆவல முதலாளி."

"ஆவலன்னா போவட்டும். கை காலியா கீறது நல்லதாம்." அவள் முகத்தைப் பார்க்காமலிருக்கத் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் பேபி அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "யம்மா, கற்பூரம் கொளுத்திட்டு சீர் எடுக்கக் கெளம்பினோம். வெறுங்கையோட வூட்டுக்குப் போனா மாமியார் வூட்ல இன்னா பேசுவாங்க?"

இத்தனை வருஷமாக வெறுங்கை என்பது கடைக்காரனுக்கு மட்டும் வருகிற வியாதி என்றே கங்கம்மா நினைத்திருந்தாள். படியில் இருந்த கால் மேலே வந்தது. முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. வேதாசலத்தின் விலைதான். கொசுறாக ஒரு குங்குமச்சிமிழ் கேட்டாள். அவர் இரண்டாகக் கொடுத்தார்.

"இது உன் மூளை இல்ல முதலாளி. எவன் சொல்லிக்குடுத்தான்?"

ஜெயித்த மிதப்பில் வேதாசலத்தின் கண் மாடிப்பக்கம் போய்விட்டது. கங்கம்மா பேபியைப் பாத்திரத்துக்குக் காவல் வைத்துவிட்டு மாடியேறினாள்.

அவர் வைக்கோல் திணித்து மூட்டை கட்டி முடிப்பதற்குள், சவுரிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்தான்.

"அண்ணா, லேடீஸ் பேட்ச் ஆரம்பிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. அதை அந்தம்மாகிட்ட வாய்தவறிச் சொல்லிட்டேன். அதைப் புடிச்சே என்னை இழுத்து, ஃபீஸ் இல்லாம சேந்துட்டாங்க. மாப்பிள்ளை வூட்டாரோட பேச இன்னும் நெறைய கீதாம்."

வேதாசலம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பேபியும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குப் இனி வரப்போகும் பேபியின் வளைகாப்பு ஞாபகம் வந்தது, அப்புறம் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. எல்லாவற்றுக்கும் பாத்திரம் வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது.

"மாஸ்டர்," என்றார் குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா பேட்ச் எத்தினி மணிக்கு?"

"ஆறுக்குண்ணா."

"எனக்கு அஞ்சுல ஒரு எடம் போடு."