சவ்வுக்கு அடியில் ஓடும் நூல்

பின்கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. முந்தாநாள் பகல் முழுக்க ஆபரேஷன் நுண்ணோக்கியில் குனிந்து கிடந்த கழுத்து. உட்காரலாம் என்றால் டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார்டு வாசல்வரை போவதும் திரும்புவதுமாக இருந்தாள்.

உள்ளே இருப்பவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே கூரைபோல் விரிந்த சவ்வில் அவருக்குக் கட்டி. அந்தச் சவ்வின் விளிம்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது நான்காம் நரம்பு. நூல் பருமன்தான். கண் கீழ்நோக்கிப் பார்க்க அது வேண்டும். விளிம்பைத் தூக்கி, நரம்பு சவ்வுக்குள் நுழையும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பின்னால்தான் கத்தரி வைக்க வேண்டும். அவளே பலருக்குச் சொல்லிக்கொடுத்தது. முந்தாநாள் ரத்தம் பொங்கிக்கொண்டு வந்தது. தூக்கிப் பார்க்காமல் வெட்டினாள். கட்டி முழுசாக வந்தது. நரம்பும் போனது.

"வீக்கம், போகப்போக சரியாயிடும்னு சொல்லிடலாம் மேடம்," என்றான் உதவி டாக்டர். "உயிரக் காப்பாத்தியிருக்கோம்ல."

"அறுந்தது வீக்கமாப்பா? வாய மூடிட்டு வா."

பெயிண்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை இடது தோள்பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் அவர் தம்பி.

"பாருங்க டாக்டரம்மா, அண்ணன் போட்டோவுக்கு உக்காந்த மாதிரியே இருக்காரு."

"தலைய நேரா வச்சா நீ ரெண்டா தெரியிறடா. ஒருத்தனையே தாங்க முடியல," என்றார் பெயிண்டர்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வலது கண்ணுக்குப் போற நரம்பு ஒண்ணு அறுந்துபோச்சுங்க. நான்தான் வெட்டினேன். பாத்துட்டு வெட்டியிருக்கணும். பாக்கல."

தம்பியின் சிரிப்பு நின்றது. பெயிண்டர் குனிந்து தரையைப் பார்த்தார். அங்கே அவருக்கு நான்கு பாதங்கள்.

"ஏணி ஏறலாமா?"

"ஏறிடுவீங்க. இறங்கறப்பதான் படி ரெண்டாத் தெரியும். கண்ணாடி போட்டுப் பாக்கலாம். சில மாசம் போகட்டும், கண்ணுத் தசையில ஆபரேஷன் பண்ணலாம். பழையபடி ஆயிடும்னு சொல்ல மாட்டேன்."

"எறங்கத் தெரியாதவன எவன்மா வேலைக்கு வச்சிக்குவான்?"

அவர் இறங்கக் காலை நீட்டினார். கட்டிலடியில் இருந்த மரப்படியைத் தப்பவிட்டு, பாதம் காற்றைத் துழாவியது. தம்பி எழுவதற்குள் அவள் தோள் கொடுத்தாள். ஆள் கனமாக இருந்தார்; வலித்த கழுத்து இன்னும் வலித்தது.

ஒற்றையாகத் தெரியும் ஒரு படி. அவள் அவருக்குத் திருப்பித் தரவேண்டியது அது.