பாசிக்குக் கீழே இருந்த பெயர்

எங்கள் ஊரில் கல்லறைக் கல்லில் பெயர் அழிந்தால், அன்றைக்கே அது எல்லோர் மண்டையிலிருந்தும் போய்விடும். உறவுமுறை எழுதிய வரியும் அழிந்துவிட்டால் அப்படி ஒரு ஆள் இருந்ததே மறந்துபோய்விடும். வெளியூர்க்காரர்கள் சொல்லித்தான் தெரியும், காய்கறிக் கடைக்காரரின் தம்பியின் கல்லை மரத்தின் வேர் பிளந்துவிட்டதாம். அவர் வீட்டில் தொங்கும் வாலிபன் படம், சட்டம் வாங்கிய கடையில் அதோடு சேர்ந்து வந்தது என்றுதான் இன்றும் சொல்கிறார். மங்கிய எழுத்தின்மேல் குத்துமதிப்பாகப் பெயின்ட் அடித்த ஒரு குடும்பம் வேறு யாருக்கோ அழுதுகொண்டிருக்கிறது. அதனால் கல்லைத் தொடக்கூடாது என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

தெரிந்தும் தொட்டவர், தரைக்குப் பாலிஷ் போடுகிறவர், ஊர் வைத்த பெயர் பளபளா. ஒரே மகள் காய்ச்சலில் போன பிறகு அவள் அறைக்குள் காலெடுத்து வைக்கவே அவருக்குத் தெம்பில்லை. கல்லையாவது சுத்தமாக வைத்திருக்கலாம் என்று வாரா வாரம் ஆசிட்டும் கம்பி பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிடுவார். வேண்டாமய்யா என்றவர்களிடம், கல்லைப் பற்றி எனக்கே பாடமா என்று கேட்டார். அவர் தேய்த்த தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம், வாஸ்தவம்தான். ஆனால் அது கருங்கல். இது நகம் பட்டாலே மாவாகிற சுண்ணாம்புக்கல். பாசம்தான், வேறென்ன சொல்ல? அந்தப் பாசம் வருடக்கணக்கில் மகளைத் தேய்த்தது.

பெயர் முதலில் அவருடைய மனைவி தையற்காரம்மாவின் வாயில் திக்கியது. பிறகு ஒரு காலை, சுத்தமாக இல்லை. பள்ளிச் சான்றிதழில் பெயர் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. அதற்கப்புறம்தான் அவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார், கல்லில் பாசி ஏறியது. ஆனாலும் ஆசிட் தின்ற கல்லில் 'அன்பு மகள்' என்ற வரியும் தானாகவே தேய ஆரம்பித்தது. அளவு கொடுக்க வந்தவர்களிடம், எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று அந்தம்மா சாதாரணமாகச் சொல்லிவிடுவார். மதியம் நினைவு திரும்பியதும் தன் வாயிலேயே அடித்துக்கொள்வார். புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டார். அந்த ஒரு வரியும் போவதற்குள் பெயரை மீட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பெற்றதே இல்லை என்றாகிவிடும். அதற்காகத்தான் தையற்காரம்மா, தேய்ந்துபோன எழுத்தையும் படித்துவிடுகிற, கல் வாசிக்கிற அம்மா ஒருவரை வெளியூரிலிருந்து வரவழைத்தார்.

போர்வையில் சுற்றிய ஆளுயரக் கண்ணாடியோடு அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். சாக்பீஸ், மாவு, காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது, எதுவும் கூடாது என்றார். கல்லின் முகம் உள்ளுக்குள்ளேயே பிடி விட்டுப்போய்விட்டது, ஏதோ புண்ணியத்தில் நிற்கிறது, மூச்சுக்கூடத் தள்ளி விடுங்கள் என்றார். பிறகு பக்கவாட்டில் நின்று, கண்ணாடியால் வெயிலைக் கல்லின் மேல் படுக்கையாக ஓடவிட்டார். கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களெல்லாம் நிழல் கட்டின. பெயர் எழுந்து வந்தது. அவர் வாசித்தார்.

என்ன பெயர் என்று கேட்காதீர்கள். நானும் இந்த ஊர்க்காரன்தான்.

இருவரும் சேர்ந்து அந்தப் பெயரைச் சொன்னார்கள். தையற்காரம்மா கல்லின் முன் உட்கார்ந்து, "இத்தனை நாளா எங்கடி போயிருந்தே?" என்றார். பல வருடம் கழித்துப் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டார். பளபளா தேம்பித் தேம்பி அழுதார். அழுகைக்கு நடுவிலும் தொழில்காரன் கண் சும்மா இருக்குமா? கடைசி எழுத்தின் ஓரத்தில் காய்ந்த பாசி கொஞ்சம் ஒட்டியிருந்தது. "இதை மட்டும் எடுத்துடறேன்" என்று கட்டைவிரல் நகத்தை வைத்தார். கண்ணாடியை இரண்டு கையாலும் தாங்கி நின்ற அந்த அம்மாவால் கத்தத்தான் முடிந்தது. அந்தக் கல்லை அதுவரை பிடித்து வைத்திருந்ததே அந்தப் பாசிதான். கல்லின் முகம் முழுவதும், பெயரும் 'அன்பு மகள்' வரியுமாக, ஒரே தகடாகக் கழன்று விழுந்து பொடியாகிவிட்டது.

இருவரும் எழுந்து துணியைத் தட்டிக்கொண்டார்கள். கன்னத்தில் ஏன் ஈரம் என்று புரியாமல் துடைத்துக்கொண்டார்கள்.

"நாம எதுக்கு இங்க வந்தோம்?"

"தெரியலையே. இந்தம்மாவுக்குத் துணைக்கு வந்திருப்போம்."

வெளியூர்க்காரருக்கு இந்த மறதி இல்லை. கல் வாசிக்கிற அம்மா அந்தப் பெயரைச் சொன்னார். காதில் விழவில்லையோ என்று மறுபடி சொன்னார். தையற்காரம்மா அவர் தோளைத் தொட்டு, "நல்ல பேரா இருக்கே. உங்க பொண்ணா?" என்று கேட்டார்.

அந்த அம்மா இருவர் முகத்தையும் பார்த்தார்.

"ஆமாம்மா. என் பொண்ணுதான்."

இதெல்லாம் அவர் பஸ் ஏறும் முன் சொல்லித்தான் எனக்கே தெரியும். பெயரையும் சொன்னார், காதில் தங்கவில்லை. நான் போய் இந்தத் தம்பதியிடம் விவரத்தைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டு, டீ கொடுத்து அனுப்பினார்கள். இப்போது இருவரும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள், சாயங்காலம் சேர்ந்து நடக்கப் போகிறார்கள். கல் வாசிக்கிற அம்மாவின் பேச்சு வந்தால் மட்டும் தையற்காரம்மா மிஷினை நிறுத்திவிடுவார். "பாவம், பெத்த பொண்ணைப் பறிகொடுத்தவங்க. நமக்கு அந்தப் பாக்கியமும் இல்ல, அந்தக் கஷ்டமும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தைக்கத் தொடங்குவார்.