காலியாக ஓடிய பெட்டிகள்

பிரேக்கர் என்றால் உங்களுக்குத் தெரியும், கண்ணுகளா. சுவர்ப் பெட்டிக்குள் வரிசையாக நிற்கிற கறுப்புச் சுவிட்சு. தாங்காத கரண்டு ஓடினால் தானே விழுந்து லைனை நிறுத்தும். பா டவுனில் பர்வீனின் மீன் கடையில் அது தினமும் மத்தியானம் விழுந்துகொண்டிருந்தது.

தலைநகர் சுவாவில் பார்லிமென்டைத் துப்பாக்கிக்காரர்கள் பிடித்த அந்த ரெண்டாயிரமாம் வருஷத்தின் கடைசி. நம்ம ஆட்களில் டிக்கட் கிடைத்தவர்கள் எல்லாம் பயந்து நாட்டைவிட்டே கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

மார்டின்டாரில் ஒரு ஹோட்டல் பர்வீனிடம் வஞ்சிரம் மாதிரியான வாலு மீன் வாங்கும். அந்த ஒரு ஹோட்டலை நம்பித்தான் கடை நடந்தது. இப்போது மீன் உருகி, மறுபடி உறைந்து, கொழகொழவென்று போய்ச் சேர்ந்தது. "இன்னொரு தரம் இப்படி வந்தா உன்கிட்ட வாங்கமாட்டோம்" என்று அவர்கள் சமையல்கட்டிலிருந்து போன் வந்தது. மறுநாள் காலையில் வண்டி வரும்.

அதனால்தான் எலக்ட்ரீஷியன் திரேனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பிரேக்கர் கெட்டுப்போச்சு. பெருசா ஒண்ணு போட்டுடுங்க."

"தூக்கின உடனே விழுதா, நின்னு விழுதா?"

"எப்படி விழுந்தா என்ன, மீன் இளகுது."

"அரே, சொல்லு தங்கச்சி."

"காலையிலே நிக்குது. வெயில் ஏறினா விழுது."

உடனே விழுந்தால் எங்கேயோ வயரும் வயரும் தொட்டுக்கொண்டிருக்கும். நின்று விழுந்தால் பெரும்பாலும் லைனில் சுமை அதிகம். திரேன் மெயினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. பிரேக்கர் மட்டும் சுட்டது.

"இது ஒழுங்காத்தான் வேலை செய்யுது. பின்னாலே என்ன வச்சிருக்கே?"

பின்னறையில் தகரக் கூரைக்குக் கீழே, சுவரோரம் முழுக்கப் பிரீசர்கள். ரெண்டு பர்வீனுடையவை. மற்றவற்றின் மேல் பெயிண்டில் பெயர்கள்: சுமித்ரா, மோகினி, ஜலால், ஜான்கி. எல்லாம் ஒரே லைனில்.

திரேன் எல்லா பிளக்கையும் பிடுங்கினான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, வயரைக் கவ்வும் மீட்டரைப் பார்த்தான். எண் ஏறிக்கொண்டே போனது. வெயில் நேரத்தில் எல்லாமே சேர்ந்து விடாமல் ஓடினால் அந்த லைன் எப்படித் தாங்கும்? சுமித்ராவின் மூடியைத் தூக்கினான். காலி. ஜலாலின் மூடியைத் தூக்கினான். அதுவும் காலி, உள்சுவரில் ஐஸ் மட்டும் முளைத்திருந்தது.

"யாருக்கு ஐஸ் வளர்க்கறே?"

"வச்சிரு, திரும்பி வந்து எடுத்துக்கறோம்னு குடுத்துட்டுப் போனாங்க. நிறுத்தினா உள்ளே குளிர வைக்கிற காஸ் செத்துடும், ஓட்டிக்கிட்டே இருன்னாங்க. சரின்னு வார்த்தை குடுத்துட்டேன்."

"அவங்க காலிப் பெட்டி குளுகுளுன்னு இருக்கு. உன் மீன் உருகுது."

"அதுக்குத்தான் பெரிய பிரேக்கர் கேக்கறேன்."

"போடலாம். அது விழாது. ஆனா சுவத்துக்குள்ளே இருக்கிற வயர் மெல்லிசு. அது சுடும். மேலே பலகை, தீப்பிடிச்சுக்கும். வயரைக் காப்பாத்தத்தான் பிரேக்கர், பிரீசரைக் காப்பாத்த இல்லே."

"இன்னொரு எலக்ட்ரீஷியன், அந்த ஃபைசல், போட்டுத் தர்றேன்னான்."

"அவனை ஒரு வாரம் இந்த ரூமிலே படுக்கச் சொல்லு. அப்புறம் போடுவானா பாரு."

பர்வீன் ஜலாலின் மூடியைச் சாத்தினாள்.

"அவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"காஸ் குழாய்க்குள்ளே அடைச்சிருக்கு, அது எங்கேயும் போகாது. நல்லா துடைச்சு, மூடியைத் திறந்து வை. வந்து பிளக்கைப் போட்டா ஓடும்."

காலிப் பெட்டிகளின் பிளக்குகளை அவளே பிடுங்கினாள். ஜான்கியுடையதுதான் கடைசி. பொண்ணு கல்யாணத்துக்குத் திரும்பி வருவேன் என்று ஜான்கி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பர்வீன் பிளக்கைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றாள். பிறகு அதையும் இழுத்தாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. பிரேக்கர் விழாமல் நின்றது. இருவரும் டீ குடித்தார்கள். குடித்த பிறகும் திரேன் கிளம்பவில்லை.

"என்னண்ணே?"

"எங்களுக்கும் பேப்பர் வந்துடுச்சு. கனடா போறோம்." கோப்பையைக் கீழே வைத்தான். "என் வீட்டுக்காரி சுஷீலா கேக்கச் சொன்னா. எங்க பிரீசரை இங்கே கொஞ்சம் ஓட்டி வைக்க முடியுமான்னு."

பர்வீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காஸ் எங்கேயும் போகாதுன்னீங்களே."

"அவகிட்டேயும் சொன்னேன். அவ நம்பலே."

"நீங்க நம்பறீங்களா?"

திரேன் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"கொண்டாங்க," என்றாள் பர்வீன். "வச்சுக்கறேன். ஆனா ஓட்டமாட்டேன்."

மறுநாள் ஹோட்டல் வண்டிக்காரன் மீனை விரலால் தட்டிப் பார்த்தான். கட்டை மாதிரி இருந்தது. அப்படியே ஏற்றிக்கொண்டு போனான். அந்த வாரமே வாடகைக் கேரியர் வண்டியில் சுஷீலாவின் பிரீசர் வந்து இறங்கியது. பர்வீன் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, உள்ளே வெங்காயத்தைக் கொட்டினாள்.