புளிக்கும் தீவனம்

போன மழையில் முதல் குளத்து மீன் பாதிக்கு மேல் செத்து மிதந்ததிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரே பேச்சுதான்.

"இந்த மழைக்கும் செத்துச்சுன்னா ரெண்டு குளத்தையும் மண்ணக் கொட்டி மூடிடுவேன். ஆள விடுங்கடா சாமி!"

"மூட வேண்டாம் சித்தப்பா. முதல் குளத்த மட்டும் எங்கிட்ட விடுங்க," என்றாள் அவருடைய அண்ணன் மகள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை. சித்தி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

மீன்வளக் கல்லூரியில் படித்ததை நம்பித்தான் கேட்டாள். மீனுக்கும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டு. மழையில் குளம் சட்டென்று குளிர்ந்தால் அது தளர்ந்துபோகும். முன்கூட்டியே தீவனத்தோடு ஈஸ்ட் சத்தும் வைட்டமின் சியும் கொடுத்துவந்தால் மீன் தாக்குப்பிடிக்கும்.

குளம் கிடைத்தது. கூடவே 'டாக்டரம்மா' என்ற பட்டமும்.

தினமும் அந்தச் சத்துப் பொடியைத் தீவன உருண்டைகளின் மேல் தூவிக் கிளறி வீசினாள். ஒருநாள் சித்தப்பா கரையில் நின்று வேடிக்கை பார்த்தார். உருண்டைகள் விழுந்த இடத்தில் தண்ணீர் வெளிர்மஞ்சளாகக் கலங்கி விரிந்தது.

"டாக்டரம்மா, மீனுக்கு எப்படியோ, உன் குளத்துத் தண்ணிக்கு இனிமே ஜலதோஷமே வராது!"

அவளுக்குக் காது சூடேறியது. அடுத்த நொடி சுரீரென்று உறைத்தது. கைவலையால் ஓர் உருண்டையை அள்ளி வாயில் போட்டாள்.

"ஐயய்யோ, துப்பு, துப்பு!"

அவள் துப்பவில்லை. நாக்கால் துழாவினாள். வைட்டமின் சியின் புளிப்பு இல்லை. துளிகூட இல்லை. இத்தனை நாளும் குளத்துக்குத்தான் ஊட்டியிருக்கிறாள்.

மறுநாள் பொடி தண்ணீரில் கரைந்துபோகாதபடி மீன் எண்ணெயில் குழைத்து உருண்டைகளில் பூசி நிழலில் உலர்த்தினாள். ஒன்றை டம்ளர் தண்ணீரில் ஊறவிட்டு எடுத்துக் கடித்தாள். பல் கூசியது. தனியாக நின்று சிரித்தாள்.

மழை வந்தது. விட்டுவிட்டு, ஈவிரக்கமில்லாமல் பெய்தது. ஓய்ந்தபோது சித்தப்பாவின் இரண்டாம் குளத்தில் மீன்கள் கரையோரம் சோர்ந்து கிடந்தன. பலவற்றின் வயிற்றில் சிவந்த புண்கள். அவர் முதல் குளத்துக்கு நடந்தார். அவள் தீவனத் தட்டோடு பின்னால் போனாள்.

குளம் அசையாமல் கிடந்தது. ஒரு கை அள்ளி வீசினாள்.

தண்ணீர் கொந்தளித்தது. ஒன்றின்மேல் ஒன்றாக மீன்கள் பாய்ந்தன. வாலடியில் தெறித்த தண்ணீர் சித்தப்பாவைத் தலையோடு நனைத்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"அடி சக்கை! அந்தத் தட்ட இங்க குடு, என் குளத்துக்கும் போடுவோம்."

"சீக்கு வந்த பிறகு இது மருந்தில்ல சித்தப்பா. முதல்ல அங்க தண்ணிய மாத்தணும். தேறினப்புறம் போடலாம்."

"சரிங்க டாக்டரம்மா." இந்த முறை குரலில் கேலி இல்லை. "மண்ணு லாரிக்காரன வர வேண்டாம்னு சொல்லிடுறேன்."

போகிற போக்கில் ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டார். முகம் கோணியது.

"என்னம்மா இப்படிப் புளிக்குது!"

"புளிக்கணும்!" என்றாள் அவள், அக்கரைக்கும் கேட்கும்படி.